அறுவை சிகிச்சைக்கு முன் தனியார் நிபுணரைச் சந்திக்கத் தயாராவது: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவரிடம் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லப்படும்போது, அவர் சந்திக்கப்போகும் தனியார் நிபுணருக்கு அவரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் தெரிந்திருக்காது. பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த பழைய மருத்துவரின் நினைவில் இருந்த ஒவ்வாமையும், பிரசவத்தின்போது ஏற்பட்ட சிக்கலும், தந்தைக்கு இளம் வயதில் வந்த மாரடைப்பும் புதிய நாட்டின் எந்தக் கணினியிலும் பதிவாகியிருக்காது. சந்திப்போ பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அறுவை சிகிச்சை உண்மையிலேயே வேண்டுமா, எந்த முறையில் செய்வது, அதில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்பனவெல்லாம் அந்தக் குறுகிய நேரத்தில்தான் பேசப்படுகின்றன. ஆகவே அதை நாள் குறித்துக்கொண்டு வருவதற்கான ஒரு சடங்காக எண்ணாமல், உங்கள் உடலைப் பற்றி முடிவெடுக்கும் இடமாக எண்ணித் தயாராகும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு காரியங்களை முடித்துவிட வேண்டும். பல நாடுகளில் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தனியார் நிபுணர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. அப்படியே பார்த்தாலும், அந்தக் கடிதம் இல்லாத காரணத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுக்கக்கூடும். காப்பீடு உள்ளவர்கள், இந்த நிபுணரும் இந்த மருத்துவமனையும் தங்கள் திட்டத்துக்குள் வருகின்றனவா, முன் அனுமதி தேவையா, நாட்டுக்குள் வருவதற்கு முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் ஏதேனும் உண்டா என்பவற்றை எழுத்து மூலமாகக் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் கிடைத்த உறுதிமொழியைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இது சிறிய காரியம் அன்று. பழைய அறிக்கைகளில் முதலெழுத்தோடு கூடிய பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறிய வடிவம், காப்பீட்டு அட்டையில் இரண்டும் இடம் மாறிய வடிவம் என ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று பேராகக் காட்சியளிப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். இரத்தப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டே உரியவரிடம் சேர்கின்றன என்பதால், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையும் வரிசையையும் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி கொடுங்கள். பழைய அறிக்கைகளில் உள்ள பெயர் வேறாக இருந்தால், அவையும் உங்களுடையவைதான் என்பதை முதல் நாளிலேயே வரவேற்பு மேசையில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தேதிகளை எழுதும்போது மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுவது நல்லது; சில நாடுகளில் நாள் முதலிலும் சில நாடுகளில் மாதம் முதலிலும் வருவதால், மார்ச் ஐந்தாம் தேதி எடுத்த ஸ்கேன் மே மூன்றாம் தேதி எடுத்ததாகப் படிக்கப்பட வாய்ப்புண்டு.

பழைய மருத்துவக் கோப்பு முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதால் பயனில்லை. அதைப் புரட்டிப் பார்க்க நிபுணருக்கு நேரம் இருக்காது. முன்பு செய்த அறுவை சிகிச்சைகளின் குறிப்பு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த சுருக்க அறிக்கை, திசுப் பரிசோதனை முடிவுகள், அண்மைய இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனைகள், தற்போதைய பிரச்சினை தொடர்பான ஸ்கேன் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, அவற்றின் மேல் ஒரு பக்கச் சுருக்கத்தை வையுங்கள். ஸ்கேன் படங்களைப் பொறுத்தவரை, அச்சிட்ட ஃபிலிமைவிடக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ உள்ள மூலப்படங்களே நிபுணருக்குப் பயன்படும், ஏனெனில் அவற்றைத்தான் அவர் பெரிதாக்கியும் அடுக்கடுக்காக நகர்த்தியும் பார்க்க முடியும். பரிசோதனை எண்களின் அலகும் நாட்டுக்கு நாடு மாறும். டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று நீங்கள் அறிந்த இரத்தச் சர்க்கரை, வேறொரு நாட்டில் லிட்டருக்கு 7 மில்லிமோல் என்று எழுதப்படும். 18-ஆல் வகுத்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவில் 7 சதவீதம் என்பது சில நாடுகளில் 53 என்று தோன்றும். எண் திடீரென்று மாறியதாக எண்ணி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பழைய எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் தயாரிப்பில் மிக அதிகமாகக் கோட்டை விடப்படும் இடம் இதுதான். நீங்கள் கொண்டுவந்த மாத்திரையின் வணிகப் பெயர் புதிய நாட்டு மருத்துவருக்குப் பொருளற்ற சொல்லாக இருக்கக்கூடும். அட்டையில் வணிகப் பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேதிப் பெயரையும், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தால் அவை அனைத்தையும் எழுதுங்கள். முடிந்தால் மாத்திரை அட்டைகளையே கையோடு கொண்டுபோவது நல்லது.

சில மருந்துகளை அறுவைக்கு முன் நிறுத்த வேண்டியிருக்கும், சிலவற்றை ஒருபோதும் நிறுத்தக் கூடாது, இந்த இரண்டையும் நோயாளி தானாகத் தீர்மானிக்கக் கூடாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அபிக்சபான் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பதால் அறுவையின்போது இரத்தப்போக்கைக் கூட்டலாம். ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் அவற்றைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு மாரடைப்பே வரலாம். நீரிழிவுக்குத் தரப்படும் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன் நிறுத்துமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியது. வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் அவை, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாதபோதே, இரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடும். நீரிழிவுக்கோ எடை குறைப்புக்கோ போடப்படும் செமாக்ளூடைட் ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட காலமாகப் பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு உட்கொள்பவர் அதைத் திடீரென்று விட்டால் அறுவையின்போது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், கடையில் தாமாக வாங்கும் மஞ்சள், பூண்டு, ஜின்கோ மாத்திரைகளையும் மருந்தாகக் கருதாமல் பட்டியலிலிருந்து விட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அவற்றுள் சில இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவர் குறை சொல்வாரோ என்ற தயக்கத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மயக்க மருந்து குறித்த குடும்ப வரலாற்றைக் கேட்டறிவதற்காக, சந்திப்புக்கு முன்னரே பெற்றோரிடமும் மூத்த உறவினர்களிடமும் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மெல்போர்னைச் சேர்ந்த மருத்துவர்கள் 1960-இல் ஓர் இளைஞரின் நிகழ்வை மருத்துவ இதழில் விவரித்தனர்: கால் முறிந்து வந்த அவர், முறிந்த காலைவிட மயக்க மருந்தைப் பற்றியே அதிகம் அஞ்சினார், ஏனெனில் அவருடைய உறவினர்கள் பத்துப் பேர் மயக்க மருந்து கொடுக்கப்பட்டபோது இறந்திருந்தனர். அவர் சொன்னதை மருத்துவர்கள் கருத்தில் கொண்டிருந்ததால், அறுவையின்போது அவரது உடல் வெப்பம் ஏறத் தொடங்கியதும் உடனே மயக்க மருந்தை நிறுத்தி அவரைக் காப்பாற்ற முடிந்தது. சில மயக்க மருந்துகளால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் அந்த மரபுவழிக் குறைபாடு மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரியவந்தது இப்படித்தான். தசைகளைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடல் சிதைக்க முடியாமல், மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகும் இன்னொரு மரபுவழிக் குறையும் உண்டு. தென்னிந்தியாவின் வைசிய சமூகத்தினரிடம் அது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வெளிநாட்டு மருத்துவர் இதை அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே குடும்பத்தில் எவரேனும் அறுவைக்குப் பின் கண்விழிக்கத் தாமதமானாரா, எதிர்பாராமல் செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டாரா என்று கேட்டறிந்து, காரணம் தெரியாவிட்டாலும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், ஆடும் பல், இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற முடியாத நிலை ஆகியவையும் மயக்க மருந்து மருத்துவருக்குத் தேவையான செய்திகளே.

அண்மையில் நாடு மாறியவர்கள் கூடுதலாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், கடந்த சில வாரங்களில் நீண்ட பயணம் செய்திருந்தாலும், அறுவைக்குப் பின் விரைவில் பயணம் செய்யத் திட்டமிட்டிருந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடந்த ஓராண்டுக்குள் வேறு நாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்தால், மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் உள்ளனவா என்று பல நாடுகளில் முன்கூட்டியே பரிசோதிக்கிறார்கள். அது உங்களை ஒதுக்கிவைப்பதற்கான ஏற்பாடு அன்று. புகை, மது, புகையிலை மெல்லும் பழக்கம் ஆகியவற்றை உள்ளபடி சொல்லுங்கள். அறுவைக்கு நான்கு வாரங்கள் முன்பே புகைப்பதை நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. குடும்பத்தார் முன்னிலையில் சொல்ல முடியாதது எதுவானாலும், மருத்துவரோடு சில நிமிடங்கள் தனியே பேச வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர்கள் அதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்: இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது, சில இதய வால்வுகளும் தையல் வலைகளும் பன்றி அல்லது மாட்டுத் திசுவால் ஆனவை.

மொழி தடையாக இருக்குமானால், முன்பதிவின்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்; நேரில் வர இயலாதபோது தொலைபேசி வழியாகவும் இந்தச் சேவை பல இடங்களில் கிடைக்கிறது. பள்ளியில் படிக்கும் பிள்ளையை அந்தப் பொறுப்பில் அமர்த்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். புற்றுநோயா இல்லையா, உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்ற செய்திகளைத் தாய்க்கோ தந்தைக்கோ எடுத்துச் சொல்லும் சுமை ஒரு குழந்தையின் தோளில் ஏறக் கூடாது. அன்பு காரணமாக உறவினர்கள் கெட்ட செய்தியை மென்மையாக்கிச் சொல்வதும் நடக்கிறது. உறவினர் உடன் வரட்டும், குறிப்பெடுக்கட்டும். மொழிபெயர்ப்பைப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

இனிக் கேள்விகள். மருத்துவரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் ஒப்புதல் படிவத்தில் நீங்கள் இடும் கையெழுத்துக்கு, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு சம்மதித்தீர்கள் என்பதே பொருள். புரியாமல் சம்மதித்த ஒன்றைச் சம்மதம் என்று நல்ல மருத்துவர் எவரும் ஏற்கமாட்டார். இந்த அறுவையால் எனக்குக் கிடைக்கும் நன்மை என்ன, என் வயதுக்கும் என் நோய்களுக்கும் உரிய ஆபத்து எவ்வளவு, வேறு வழிகள் உண்டா, எதுவும் செய்யாமல் சில மாதங்கள் காத்திருந்தால் என்ன ஆகும் என்ற நான்கையும் அவசியம் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. தனியார் துறையில் அதைக் கேட்பது இன்னும் முக்கியம், ஏனெனில் அங்கே நாள் விரைவில் கிடைக்கிறது, விரைவில் நாள் கிடைப்பதாலேயே அவசரம் இருப்பதுபோன்ற எண்ணமும் உண்டாகிவிடுகிறது. கத்தியைக் கையில் எடுப்பவர் இவரா வேறொருவரா, இந்த வகை அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறார், எதிர்பாராத சிக்கல் நேர்ந்தால் அந்த மருத்துவமனையிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளதா, இல்லையென்றால் எங்கே மாற்றுவார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். எல்லாத் தனியார் மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு இருப்பதில்லை.

செலவைப் பொறுத்தவரை, அறுவை மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் மருத்துவமனையும் தனித்தனியே கட்டணம் விதிப்பது வழக்கம். திசுப் பரிசோதனை, உடலுக்குள் வைக்கும் சாதனங்கள், இயன்முறை சிகிச்சை, பிந்தைய சந்திப்புகள், மீண்டும் அறுவை தேவைப்பட்டால் ஆகும் செலவு ஆகியவை சொல்லப்பட்ட தொகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருப்பது பற்றிய அறிவுறுத்தலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்வது நல்லது. பொதுவான விதி, திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவதாகும்; பால் கலந்த தேநீர் தெளிந்த நீராகாது, அதற்கும் 6 மணி நேரக் கணக்கே பொருந்தும். உங்கள் மருத்துவமனை சொல்வது இதிலிருந்து வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

சந்திப்பு முடிந்த அன்றே சம்மதம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம், அவசர நோய்களைத் தவிர, பெரும்பாலும் இல்லை. நிபுணர் உங்கள் குடும்ப மருத்துவருக்கு எழுதும் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அறையில் பேசியதோடு அது ஒத்துப்போகிறதா, குறிப்பாக வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் ஒவ்வாமையும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் இரண்டாம் மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். அதற்காக முதல் மருத்துவர் வருந்துவார் என்று எண்ண வேண்டாம். நாள் குறித்த பிறகு காய்ச்சல், இருமல், தோலில் புண், புதிய மருந்து, கருவுற்றிருக்கலாம் என்ற எண்ணம் ஆகியவற்றுள் எது ஏற்பட்டாலும், அறுவை நாளின் காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.