தினசரி 1.5 ஜிபி டேட்டாவில் லினக்ஸ் நிறுவுவது எப்படி?

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் கைபேசி ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பி விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸை நிறுவ விரும்புவோர், நெட்வொர்க் இன்ஸ்டால் எனப்படும் சிறிய ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளத்தை நிறுவ இறக்கும் கோப்பு)த் தேர்ந்தெடுக்காதிருப்பது நல்லது. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனின் அந்தக் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவாக இருப்பது கண்ணுக்குச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் நிறுவும்போது திரைச்சூழலையும் செயலிகளையும் இணையத்திலிருந்தே எடுக்கும் என்பதால், மேலும் ஒரு ஜிபிக்குக் குறையாமல் செலவாகும். இணையம் வேண்டாம் என்று மறுத்தால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரியும் அடிப்படை அமைப்பே கிடைக்கும்.

ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள லினக்ஸ் மின்ட் போன்ற முழுமையான கோப்பே ஏற்றது. லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே உள்ளன.

அதைப் பிரவுசரில் இறக்காமல், கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து பெறும் டாரன்ட் வழியே இறக்க வேண்டும். ஐப்பசி மழையில் சிக்னலோ மின்சாரமோ போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பதோடு, ஒவ்வொரு துண்டும் வந்தவுடன் சரிபார்க்கப்படுவதால், பழுதான துண்டு மட்டுமே மீண்டும் இறங்கும். ஆனால் டாரன்ட் இறக்கும்போதே பிறருக்கு ஏற்றவும் செய்யும். அதுவும் உங்கள் டேட்டா கணக்கில்தான் சேரும் என்பதால், பதிவேற்ற வேகத்தை முதலிலேயே மிகக் குறைத்துவிட வேண்டும். அன்றைய ஒதுக்கீடு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிட்டால் மணிக்கு 28 எம்பிதான் வரும்; அதற்காகக் கணினியை விழித்திருக்க வைப்பது வீண், நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

வத்தலக்குண்டுக்கோ பழனிக்கோ இறங்குபவர் எவரிடமாவது பென் டிரைவ் கொடுத்து, கோப்பை அங்கே நகலெடுத்து வரச் சொல்வது இதைவிட எளிது. 4 ஜிபியைத் தாண்டும், மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் கோப்பு ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து அனுப்புங்கள். கோப்பு கைக்கு வந்ததும் அதன் ஷா-256 மதிப்பை (கோப்பு பழுதின்றி வந்ததா எனக் காட்டும் எழுத்து-எண் தொடர்), வெளியீட்டாளரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது அவசியம். விண்டோஸ் கணினியில் பூட் டிரைவ் (கணினியைத் தொடங்கி லினக்ஸை நிறுவ உதவும் பென் டிரைவ்) தயாரிக்க, சில எம்பியே உள்ள ரூஃபஸ் என்ற செயலி போதும்.

நிறுவும்போது ஹாட்ஸ்பாட்டை அணைத்து வையுங்கள். மல்டிமீடியா கோடெக்குகள் (ஒலி, காணொளிக் கோப்புகளை இயக்க உதவுபவை), புதுப்பிப்புகள் ஆகியவற்றுக்கான பெட்டிகளில் டிக் செய்ய வேண்டாம். உபுண்டுவாயின், பின்னர் முதன்முறை இணைத்தவுடன் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை வரம்புள்ளது (மீட்டர்டு) என்று குறித்துவிடுங்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ இன்னொரு கணினியும் இருந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் செயலிகளை நிறுவும்போது ஆப்ட் கட்டளைக்குப் பதிலாக ஆப்ட்-கெட் கட்டளையைப் பயன்படுத்துவது நல்லது. முன்னது இறக்கிய பொதிகளை (செயலிகளின் நிறுவல் கோப்புகளை) நிறுவி முடித்ததும் நீக்கிவிடும், பின்னது அவற்றை வைத்திருக்கும். அதே பதிப்பு உள்ள மற்றக் கணினிக்கு அவற்றை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்.