கிள்ளத் தயங்கும் கை: வீட்டில் வளர்த்த வாசனை இலைகளும் சமையலில் நேரும் தவறுகளும்

என் சன்னலோரத்தில் துளசிக்கு உறவான பேசில் செடி ஒன்று முழ உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தினமும் தண்ணீர் ஊற்றுவேன், இலையைத் தடவுவேன், விரலை முகர்ந்து மகிழ்வேன். ஆனால் ஓர் இலையைக்கூடப் பறித்ததில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அடுப்பில் தக்காளி கொதிக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த செடியை விட்டுவிட்டு, அலமாரியில் நிறம் மங்கிக் கிடந்த உலர்இலைப் பொடியைத்தான் தூவினேன். ஒரு நாள் பார்த்தால் உச்சியில் பூங்கதிர். அடித்தண்டு விறகாகியிருந்தது. கிள்ளி வாயில் போட்ட இலை கசந்தது. செடியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதை வீணடித்திருந்தேன்.

வீட்டில் வாசனை இலைகள் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் முதல் இடம் இந்தக் கருமித்தனத்துக்குத்தான். மற்ற தவறுகளால் ஒரு வேளைச் சமையல் கெடும். இது செடியையே கெடுத்துவிடும்.

ஏன் என்று பார்க்கலாம். தண்டின் நுனியில் ஆக்சின் என்னும் வளரூக்கி சுரக்கிறது. கீழே உள்ள கணுக்களில் உறங்கும் மொட்டுகளை அது தலையெடுக்க விடுவதில்லை. அதனால்தான் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று வளர்ந்து பூக்கிறது. நுனியை எடுத்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். பேசில், புதினா போன்ற செடிகளில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு காத்திருக்கும். கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் ஒரு தண்டு இரண்டாகும், பிறகு இரண்டு நான்காகும். சமையலுக்காகக் கிள்ளுவதே செடிக்குக் கவாத்து. தோட்ட வேலையென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கருமித்தனத்திலிருந்து மீண்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு ஒன்று உண்டு. நுனியில் இருப்பவை குட்டி இலைகள் என்று இரக்கப்பட்டு, அடியில் உள்ள பெரிய இலைகளாகப் பார்த்துப் பறிப்பார்கள். அந்தப் பெரிய இலைகள்தான் வெயிலை வாங்கிச் செடிக்குச் சோறு போடுபவை. அவற்றை உருவிவிட்டால் மொட்டைத் தண்டின் மேல் ஒரு குடுமி மட்டும் மிஞ்சும். பறிக்க வேண்டியது மேலிருந்து. ஒரே நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் அது தளராது.

எல்லாச் செடிக்கும் ஒரே கத்தரிக்கோல் கணக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கொத்தமல்லியும் அதைப் போன்ற பார்ஸ்லியும் நடுவிலிருந்து புதுக் காம்புகளை விடுபவை. ஆகவே வெளிச்சுற்றில் உள்ள முதிர்ந்த காம்புகளை அடியோடு வெட்டி, நடுக்குருத்தை விட்டுவிட வேண்டும். வெங்காயத் தாள் போலிருக்கும் சைவ்ஸை நுனி நுனியாகக் கத்தரித்தால் வெட்டுப்பட்ட முனைகள் பழுத்துத் தொங்கும். மண்ணிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சிறு கொத்தாக அறுத்தால் திரும்பத் தளிர்க்கும். ஊசி போன்ற இலைகள் கொண்ட ரோஸ்மேரியில் இதற்கு நேர்மாறு. இலையே இல்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கிளை மீண்டும் துளிர்க்காது. பச்சை உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எப்போது பறிப்பது? பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், காலையில் பறி என்பார்கள். சரியான அறிவுரைதான். மொத்தமாக அறுவடை செய்து உலர்த்துபவர் அதைப் பின்பற்றட்டும். இரவு உணவுக்கு நான்கு இலை வேண்டியவர் காலையிலேயே பறித்து நாளெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பது வேடிக்கை. காலையில் பறித்து வைத்த இலையைவிட, சட்டியை இறக்கும்போது பறிக்கும் இலை எனக்கு எப்போதும் மேல். வீட்டில் செடி இருப்பதன் சுகமே அந்த நான்கடி தூரத்தில்தான் இருக்கிறது.

இலையில் மணம் எங்கே இருக்கிறது?

புதினா, பேசில், தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் மணம் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாகத் தேங்கி நிற்கிறது. ஒரு கைலென்ஸ் கிடைத்தால் பேசில் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மினுமினுக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளாக அவை தெரியும். இலையை லேசாகத் தடவினாலே மணப்பது அவை உடைவதால்தான். இதைப் பார்த்த பிறகு, குழாயை முழு வேகத்தில் திறந்து இலையைத் துவைப்பது போல் அலச யாருக்கும் மனம் வராது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, இலையை அதில் இட்டு மெல்ல அளாவி எடுத்தால் தூசு அடியில் தங்கிவிடும்.

அடுத்த இழப்பு நறுக்கும் பலகையில். நானே செய்ததைச் சொல்கிறேன். அலசிய ஈரத்தோடு ஒரு பிடி புதினாவைப் பலகையில் போட்டு, முனை மழுங்கிய கத்தியால் முன்னும் பின்னும் கொத்தினேன். இலைகள் வெட்டுப்படவில்லை, நசுங்கின. இரண்டே நிமிடத்தில் கரும்பச்சைக் களிம்பாகிக் கத்தியில் ஒட்டிக்கொண்டது. பலகை கமகமத்தது. தட்டில் போட்டதில் புல் வாடைதான் மிஞ்சியது. நசுங்கும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து இலையைக் கருக்கவைக்கின்றன. வெட்டிய ஆப்பிள் நிறம் மாறுவதும் இதே வேலைதான்.

இப்போது செய்வது இது. அலசிய இலையைத் துணியில் பரப்பி ஈரம் போக விடுகிறேன். ஏழெட்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாய் சுருட்டுவது போல் இறுகச் சுருட்டி, கூரான கத்தியால் ஒரே திசையில் மெல்லிதாக அரிகிறேன். அரிந்ததை மறுபடி கொத்துவதில்லை. பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் இதெல்லாம். முன்கூட்டியே நறுக்கி வைத்த இலையில் பாதி மணம் காற்றுக்குப் போயிருக்கும்.

கொத்தமல்லி மட்டும் இந்த விதிக்குச் சற்று விலகி நிற்கிறது. அதன் மணத்துக்குக் காரணம் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள். அதே வகைச் சேர்மங்கள் சோப்பிலும் உண்டு. சிலருக்கு அது சோப்பைக் கடித்தது போல் இருப்பதற்கும் மணம் அறியும் ஒரு மரபணுவுக்கும் தொடர்பு உண்டென்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே ‘எப்படி உனக்குப் பிடிக்காமல் போகும்’ என்று விருந்தாளியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இலையை நன்றாக அரைத்துச் சற்று நேரம் வைத்தால், வெளிவரும் நொதிகள் அந்தச் சேர்மங்களை மாற்றி வாடையைத் தணித்துவிடுகின்றன. கொத்தமல்லிக் காம்பை ஆய்ந்து குப்பையில் போடுவதும் தவறே. பொடியாக நறுக்கினால் இலையைவிடக் காம்பில் சாரம் அதிகம். புதினாவின் தடித்த காம்பு அப்படியல்ல, நார் நாராக வாயில் சிக்கும்.

அடுப்பில் எப்போது சேர்ப்பது என்பதில்தான் மிக அதிகமான இலைகள் வீணாகின்றன. பழைய பழக்கப்படி எல்லா இலையையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடுகிறோம், அல்லது எல்லாவற்றையும் கடைசியில் தூவுகிறோம். இலையைத் தொட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும். ரோஸ்மேரி, தைம், சேஜ் போன்று தடித்த, தோல் போன்ற இலைகள் வெப்பத்தைத் தாங்கும். அவற்றின் மண எண்ணெய் நீரில் கரைவதைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே மிதமான சூட்டில் எண்ணெயிலோ வெண்ணெயிலோ தொடக்கத்திலேயே சேர்த்தால் மணம் பதார்த்தம் முழுக்கப் பரவும். கடைசியில் தூவினால் பல்லில் குத்தும் ஊசிகள்தான். பேசில், கொத்தமல்லி, பார்ஸ்லி, சைவ்ஸ் போன்ற மெல்லிய இலைகள் கொதியில் ஐந்து நிமிடம் நின்றால் நிறமும் போகும், குணமும் போகும். அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்த்து மூடி வையுங்கள். அந்தச் சூடே போதும்.

புதினாவைப் பற்றி ஒரு சுவையான செய்தி. அதன் குளிர்ச்சி உண்மையான குளிர்ச்சியல்ல. அதில் உள்ள மென்தால் என்னும் சேர்மம், நம் நரம்புகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டிவிட்டு மூளையை ஏமாற்றுகிறது. அந்த ஏற்பியை மென்தாலைக் கொண்டே தனித்தனியாகக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சமையலறைக்கு இதில் ஒரு பயன் உண்டு. மென்தால் ஆவியாகக்கூடியது. நெடுநேரம் கொதித்த புதினாவில் இலை இருக்கும், குளிர்ச்சி இருக்காது.

அளவு விஷயத்தில் இருபுறமும் சறுக்கலாம். சமையல் குறிப்பில் ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலை என்று இருந்தால், பச்சை இலை மூன்று தேக்கரண்டி வேண்டும். நீர் வற்றியதால் உலர்ந்தது செறிவானது. இதை மறந்து அதே அளவு பச்சை இலையைப் போட்டுவிட்டு, வீட்டுச் செடியில் மணமே இல்லை என்று குறைசொல்பவர்கள் உண்டு. மறுபுறம், தொட்டி நிறைய ரோஸ்மேரி இருக்கிறதே என்று கைப்பிடியாகப் போட்டால் சாப்பாடு தைலம் மணக்கும். நான்கு பேருக்கான பதார்த்தத்துக்கு ஒரு சிறு கிளை தாராளம்.

தமிழில் இவற்றையெல்லாம் மூலிகை என்று சொல்லிவிடுவதாலேயே ஒரு சிக்கல் வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் மருந்துப் பக்கம் போய்விடுகிறது. உடம்புக்கு நல்லது என்று ஐந்து வகை இலைகளை ஒன்றாக அள்ளிப் போடுகிறார்கள். அப்போது எதன் மணமும் தெரிவதில்லை. ஒரு பதார்த்தத்துக்கு ஓர் இலை என்று சில வாரம் சமைத்துப் பாருங்கள். நாக்கு அவற்றைப் பிரித்தறியத் தொடங்கியதும் ஜோடி சேர்க்கலாம். சூடான சோற்றிலோ அவித்த உருளைக்கிழங்கிலோ உப்பு, வெண்ணெய், ஒரே ஓர் இலை. இதைவிட நல்ல சோதனைக்கூடம் இல்லை.

மிஞ்சியதைச் சேமிப்பது

செடிதான் சிறந்த பெட்டகம். தேவைக்கு மேல் பறிக்காதீர்கள். பறித்துவிட்டீர்கள் என்றால், பேசிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெப்ப நாட்டுச் செடியான அதன் இலை அந்தக் குளிரில் கறுத்துப்போகும். காம்பைத் தண்ணீரில் நிறுத்தி மேசையில் வைத்தால் பூங்கொத்து போல நாட்கணக்கில் இருக்கும். கொத்தமல்லியும் பார்ஸ்லியும் அதே போல் தண்ணீரில் நின்று, மேலே ஓர் உறையைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு பெட்டிக்குள் போகலாம். தைம், ஓரிகானோ, ரோஸ்மேரி நிழலில் உலர்த்தினால் மணம் காக்கும். கொத்தமல்லியை உலர்த்துவது வீண் வேலை, வைக்கோல்தான் மிஞ்சும். அதை நறுக்கி ஐஸ் தட்டில் சிறிது தண்ணீரோடு உறையவைத்தால் பயன்படும்.

ஒரு தவறு மட்டும் ருசி சம்பந்தப்பட்டதன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அழகான கண்ணாடிப் புட்டியில் எண்ணெய் ஊற்றி, பச்சை இலையும் பூண்டும் மிதக்கவிட்டு, அடுப்பு மேடையில் அலங்காரமாக வைப்பது. மண்ணிலிருந்து இலையிலும் பூண்டிலும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது. இலையில் ஈரமும் உண்டு, புளிப்பு இல்லை. அந்தக் கிருமி நச்சை உண்டாக்க வேண்டிய எல்லாம் அங்கே தயார். நச்சு உண்டானாலும் வாடையோ நிறமாற்றமோ காட்டிக்கொடுக்க வேண்டுமென்பதில்லை. இலை ஊறிய எண்ணெய் வேண்டுமானால் கொஞ்சமாகச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியை உறையவைக்கலாம். இலை நன்றாக உலர்ந்ததாக இருந்தால் ஆபத்து குறைவு. ஆனால் அலங்காரப் புட்டி ஆசையை நான் விட்டுவிட்டேன்.

தொட்டியில் நடப்பதும் தட்டில் தெரியும். அதிக உரம், அதிகத் தண்ணீர் என்று கொழுக்கவைத்த செடி பெரிய இலையாக விடும், மணம் வெளிறிப்போகும். தைமுக்கும் ரோஸ்மேரிக்கும் ஆறு மணி நேர வெயிலும் வடிகிற மண்ணும் போதும். புதினா மண்ணோடு படரும் தண்டுகளால் பக்கத்துச் செடியை விழுங்கிவிடும் என்பதால் அதற்குத் தனித் தொட்டி. மட்காத பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்தால், மண்ணைத் தொடும் இலையை 120 நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் உள்ள கணக்கு. இலையைப் பச்சையாகத் தின்பவர்கள் அதை மதிப்பது நல்லது. அழகுச் செடியாக விற்கப்படுவதை வாங்கி வந்த அன்றே கிள்ளித் தின்பதும் வேண்டாம். அதில் என்ன மருந்து தெளித்தார்கள் என்று தெரியாது.

கடைசியாகப் பூத்துவிட்ட செடி. வெயில் ஏறி, பகல் நீண்டால், எவ்வளவு கிள்ளினாலும் கொத்தமல்லி ஒரு நாள் உயர்ந்து, இலை நூலாகிப் பூத்துவிடும். உடனே பிடுங்கி எறிகிறார்கள். எறியாதீர்கள். பூ உதிர்ந்ததும் பச்சைப் பச்சையாகச் சின்ன உருண்டைகள் திரளும். காய்ந்த விதையின் மணமும் பச்சை இலையின் மணமும் ஒன்றாகச் சேர்ந்த, எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காத காய் அது. பத்து உருண்டைகளைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி, சூடான உருளைக்கிழங்கின் மேல் தூவிப் பாருங்கள். செடியில் சிலவற்றை முற்ற விட்டால், தொட்டியின் அடுத்த போகத்துக்கு விதையும் ஆயிற்று.