குளத்தைச் சுற்றி எட்டுப் புள்ளிகள்: நெருக்கத்தை வைத்து ஹோமோடோபி

ஒரு வளையத்தை அறுக்காமல் சுருக்கி ஒரே புள்ளியாக்க முடியுமா? ஹோமோடோபி, அதாவது ஒரு பாதையை அறுக்காமல் படிப்படியாக இன்னொன்றாக மாற்றுவது, இங்கேதான் தொடங்குகிறது. கையில் சில புள்ளிகள் மட்டுமே இருந்தால் தொடர்ச்சியான பாதைக்கே இடமில்லை. அதனால் ‘அருகில்’ என்பதற்கு ஒரு தூர எல்லை வைக்கிறோம். கணிதவியலாளர் வியெட்டோரிஸ் 1927-லேயே நெருக்கமான புள்ளிகளைக் கோத்து ஹோமாலஜி (ஓட்டைகளை எண்ணும் முறை) கட்டியவர்.

மயிலாப்பூர் தெப்பக்குளத்தை, கணக்கு எளிதாக, 100 மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். கரையைச் சுற்றி வரிசையாக அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. இதில் அ, இ, உ, எ நான்கும் மூலைகள். மற்றவை கரைகளின் நடுப்புள்ளிகள்.

முதலில் தூரங்களை எழுதுங்கள். அ–ஆ 50, ஆ–ஈ 70.7, அ–இ 100, ஆ–ஊ 100, அ–ஈ 111.8, அ–உ 141.4. மற்றவை சமச்சீரால் வந்துவிடும். கூகுள் மேப்ஸிலிருந்து உண்மையான புள்ளிகளை எடுத்தால், பாகைகளை அப்படியே கழிக்காதீர்கள்: சென்னையில் ஒரு பாகை அட்சம் சுமார் 110.6 கி.மீ., தீர்க்கம் சுமார் 108.5 கி.மீ.

விதி ஒன்றுதான். சங்கிலி என்பது புள்ளிகளின் வரிசை; அதில் அடுத்தடுத்த புள்ளிகளின் தூரம் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஒரு அடியில் ஒரு புள்ளியைச் சேர்க்கலாம் அல்லது நீக்கலாம். அதன் பிறகும் அது சங்கிலியாகவே இருக்க வேண்டும்.

எட்டுப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும் சங்கிலிதான் நம் வளையம்.

எல்லை 60 மீட்டர்: எந்தப் புள்ளியை நீக்கினாலும் சங்கிலி அறுந்துவிடும். சேர்க்க முடிவதோ போய்த் திரும்பும் அடிகள் மட்டும். வளையம் சுருங்காது.

எல்லை 80: ஆ–ஈ 70.7 என்பதால் இ-யை நீக்கலாம். மற்ற மூலைகளும் அப்படியே போகும். மிஞ்சுவது ஆ–ஈ–ஊ–ஏ–ஆ. இது இன்னும் வளையம்தான்.

எல்லை 100: ஆ–ஊ நேராக இணைகிறது. ஈ போகும், பிறகு ஏ போகும். ஆ–ஊ–ஆ மிஞ்சும், அதுவும் ஆ-வாகச் சுருங்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் 80-தான். “ஈ-க்குப் பதில் ஏ-யை வைத்தால் என்ன, ஏ-யும் ஆ, ஊ இரண்டுக்கும் அருகில்தானே?” என்று தோன்றும். வைக்கக் கூடாது. மாற்றுவது என்றால் சேர்த்துவிட்டு நீக்குவது. ஈ–ஏ 100 மீட்டர், சேர்க்கும்போதே சங்கிலி அறுந்துவிடும். கிராஃப்களுக்கான (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) ‘A-ஹோமோடோபி’ என்ற வேறொரு கோட்பாட்டில் இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, அங்கே நாற்புள்ளி வளையம் சுருங்கிவிடும். இரண்டு கோட்பாடுகளையும் கலந்தால் விடை தவறும்.

சரிபார்க்க, தூரங்களிலிருந்து ஹோமாலஜியைக் கணக்கிடும் ரிப்சர் (Ripser) மென்பொருளில் இதே தூரங்களைக் கொடுங்கள். ஒரு பரிமாண ஹோமாலஜியில், அதாவது வளையங்களின் கணக்கில், 50-இல் தொடங்கி 100-இல் முடியும் ஒரே பட்டை வர வேண்டும். பட்டை என்பது வளையம் எந்த எல்லையில் தோன்றி எந்த எல்லையில் மறைகிறது என்று காட்டுவது. 70.7-இல் முடிந்தால், ஏதோ ஒரு தூரத்தைத் தப்பாக உள்ளிட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆ–ஊ அல்லது ஈ–ஏ.