ரெண்டு கலர் நூல்ல சின்னதா ஒரு புக்மார்க் பின்னுவோம்

எங்க அக்கா மக இந்த வருசம் ஓ.எல். பரீட்சை எழுதுறா. அவ வரலாறு புத்தகத்த ஒரு நாள் சும்மா எடுத்து பார்த்தேன், பக்கத்துக்கு பக்கம் மூலைய மடிச்சு மடிச்சு புத்தகமே ஒரு பக்கமா வீங்கி கிடக்குது. அடையாளத்துக்கு என்னம்மா வைக்கிறன்னு கேட்டா பஸ் டிக்கட், டொபி பேப்பர், ஒரு இடத்துல கோழி றெக்க. வீட்டுல ஊசியும் நூலும் இருக்கப்ப புள்ள இப்படி படிக்கணுமான்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, அன்னைக்கு ராவே உக்காந்து ஒண்ணு பின்னிட்டேன். அத பார்த்துட்டு அவ கூட்டாளிமாரும் கேட்டு இப்ப ஒம்பதாவது ஊசியில ஓடுது. பின்ற விதத்த நாலஞ்சு பேரு கேட்டாங்க, வாயால சொன்னா பாதி தான் வெளங்குது, அதான் எழுதிர்றேன்.

நம்ம பக்கத்துல ஸ்வெட்டர் பின்ன தெரிஞ்ச கை நெறைய இருக்கு. நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், ஜனவரி பெப்ரவரி ராத்திரியில புல்லு மேல வெள்ளையா பனி உறையிற ஊரு, இங்க பின்னல் பழகுறது பொழுதுபோக்குக்கு மட்டும் இல்ல. அதனால நிட், பர்ல்னு சொல்ற அடிப்படை பின்னல் ரெண்டும் ஓரளவு வரும், கண்ணி, அதாவது ஊசியில நிக்கிற நூல் வளையம், அத ஏத்தவும் அடைக்கவும் தெரியும்னு நெனச்சு தான் எழுதுறேன். இந்த புக்மார்க்குக்கு பர்ல் கூட தேவையில்ல, நிட் மட்டும் போதும்.

ரெண்டு கலர்னதும் நெறைய பேரு பயப்படுவாங்க. ஸ்கொட்லாந்து பக்கத்து ஃபேர் ஐல் தீவு பேர்ல ஒரு பின்னல் இருக்கு பாருங்க, அதுல ஒரே வரியில ரெண்டு நூலையும் கையில வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி பின்னணும், நூல் சிக்கும், பின்னால நூல் தொங்கும், பழக நாளாகும். நான் சொல்லப்போறது அது இல்ல. இதுல ஒரு வரிக்கு ஒரே நூல் தான். மத்த கலர் தெரிய வேண்டிய இடத்துல கண்ணிய பின்னாம அப்படியே இடது ஊசியில இருந்து வலது ஊசிக்கு மாத்தி விட்டுருவோம், கீழ் வரியில இருந்த கலரு மேல ஏறி வந்து நிக்கும். அவ்வளவு தான் சூட்சுமம். பார்க்கிறவங்க ஒரே வரியில ரெண்டு நூல் வச்சு பின்னின வேலைனு தான் நெனப்பாங்க. இதையே பூ, கோலம்னு பெருசா செய்யிறதுக்கு மொசைக் நிட்டிங்னு பேரு, அந்த பேர வச்சது பார்பரா வாக்கர்னு ஒரு அமெரிக்க அம்மா. வீடியோ தேடுறவங்க அந்த பேர போட்டு தேடுங்க.

மொத நூல பத்தி. இதுல தான் நான் மொத தடவ பெரிய தப்பு செஞ்சேன். ஸ்வெட்டருக்கு வாங்குற டபுள் நிட் ஊல்லயே பின்னிட்டேன், பார்க்க அழகா தான் இருந்துச்சு, ஆனா புத்தகத்துக்குள்ள வச்சதும் புத்தகம் மூடவே இல்ல, ரெண்டு வாரத்துல முதுகுப்பக்கம் ஒட்டு விட்டுருச்சு. அது நூலகத்துல எடுத்த புத்தகம் வேற, திருப்பி குடுக்க போறப்ப அவ்வளவு சங்கடமா இருந்துச்சு. அதனால சொல்றேன், 4 பிளை நூல், இல்லாட்டி அத விட மெலிசான பருத்தி நூல் எடுங்க. லேபல் இல்லாத மிச்ச நூல்னா அடிமட்டத்துல நெருக்கமா சுத்தி பாருங்க, இழுக்காம சுத்தணும், ஒரு அங்குலத்துக்கு 14 சுத்து இல்ல அதுக்கு மேல வந்தா சரி. 11 சுத்து தான் வருதுன்னா அது டபுள் நிட், தொப்பிக்கு வச்சிருங்க.

ஒரு கலருக்கு 10 மீட்டர் இருந்தா தாராளம், அதனால கடைக்கு போகணும்னே இல்ல. பிஸ்கட் டின்ல கிடக்கிற மிச்சம் போதும். நான் கருநீலத்த எடுத்தது சின்னதா போன ஒரு ஸ்கூல் ஸ்வெட்டர்ல இருந்து. பழைய ஸ்வெட்டர பிரிக்கிறதுன்னா மொத உள்பக்கமா திருப்பி பக்கத்து தையல பாருங்க. ஓரத்துல வெட்டி ஓவர்லொக் அடிச்சிருந்தா தொடாதீங்க, வரிக்கு வரி துண்டு துண்டா தான் வரும். ஓரம் வெட்டாம சும்மா சேர்த்து தச்சிருந்தா தையல மட்டும் பிரிச்சுட்டு மேல இருந்து இழுத்தீங்கன்னா நூல் ஒரே இழையா வரும். சுருள் சுருளா தான் வரும், அத ஒரு கதிரை முதுகுல சுத்தி நாலு இடத்துல தளர்வா கட்டி, கழட்டி, வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுத்து தொங்க விட்டா சுருள் போயிரும்.

கலர் தெரிவு செய்யிறதுல ஒரே விசயம், ஒண்ணு நல்லா இருட்டா இருக்கணும், ஒண்ணு நல்லா வெளிச்சமா இருக்கணும். சிவப்பும் பச்சையும் கையில வச்சு பார்க்க எடுப்பா தெரியும், பின்னினா ரெண்டும் ஒரே கனத்துல நின்னு டிசைன் மங்கிரும். எனக்கு இத காட்டி குடுத்தது எங்க அம்மாயி. அந்தி கருக்கல்ல, லைட் போடுறதுக்கு முன்ன, ரெண்டு நூல் உருண்டையையும் இஸ்தோப்புல வச்சு தள்ளி நின்னு பார்ப்பாங்க, கலரு மங்கினப்புறமும் எது எதுன்னு பிரிஞ்சு தெரிஞ்சா தான் அந்த ஜோடிய எடுப்பாங்க. இப்ப போன்ல ஒரு படம் எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தி பார்த்தாலும் அதே தான். நான் எடுத்தது கருநீலமும் வெளிர் மஞ்சளும்.

ஊசி 2.75 இல்ல 3 மில்லிமீட்டர். வீட்டுல பழைய இங்கிலீஸ் நம்பர் போட்ட ஊசி இருந்தா 12 நம்பர் தான் 2.75, 11 நம்பர் 3. அதுல நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், புது ஆளுங்க இதுல தான் ஏமாந்து போயி 8 நம்பர எடுத்துட்டு வருவாங்க.

சரி, பின்னுவோம். கருநீலத்துல 11 கண்ணி ஏத்துங்க. ஒரு வரி முழுக்க நிட். இந்த வரி பின்பக்கம்னு வச்சுக்கங்க. இப்ப திருப்பினா உங்கள பார்க்கிறது முன்பக்கம், மறந்து போகாம இருக்க முன்பக்கத்துல ஒரு ஊக்கு குத்தி வைங்க.

மொதல் வரி, மஞ்சள சேர்க்கணும். முடிச்சு போட வேணாம், ஒரு சாண் வால் விட்டுட்டு அப்படியே பின்ன ஆரம்பிங்க. 3 நிட், 1 மாத்து, 3 நிட், 1 மாத்து, 3 நிட். கூட்டி பாருங்க, 11 வரும். மாத்துன்னா பின்னாம வலது ஊசிக்கு எடுக்கிறது. எடுக்கிறப்ப பர்லுக்கு ஊசி விடுற மாதிரி வலது பக்கத்துல இருந்து விட்டு எடுக்கணும், நிட்டுக்கு விடுற மாதிரி விட்டா கண்ணி முறுக்கி நிக்கும், தூரத்துல பார்த்தாலும் அந்த ஒண்ணு மட்டும் கழுத்து திருகின மாதிரி தெரியும்.

ரெண்டாவது வரி, பின்பக்கம், அதே மஞ்சள். இதுல எண்ணவே தேவையில்ல. ஊசியில மஞ்ச கண்ணி வந்தா நிட், நீல கண்ணி வந்தா மாத்து.

மூணாவது வரி, மஞ்சள வெட்டாம அங்கயே விட்டுட்டு நீலத்த எடுங்க. 1 நிட், 1 மாத்து, 3 நிட், 1 மாத்து, 3 நிட், 1 மாத்து, 1 நிட். இப்ப மாத்துற கண்ணி மூணும் மஞ்சளா தான் இருக்கும், இல்லைன்னா எங்கயோ எண்ணிக்க தப்பிருச்சு, அங்கயே நிப்பாட்டி பாருங்க.

நாலாவது வரி, பின்பக்கம், நீலம். நீல கண்ணி நிட், மஞ்ச கண்ணி மாத்து.

இந்த நாலு வரிய திருப்பி திருப்பி பின்ன வேண்டியது தான். ரெண்டு தடவ பின்னினதும் டிசைன் கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், மஞ்ச பட்டியில நீல புள்ளி ரெண்டு, நீல பட்டியில மஞ்ச புள்ளி மூணு, ஒண்ணுக்கு ஒண்ணு இடையில வந்து செங்கல் அடுக்கின மாதிரி நிக்கும்.

இனி நூல் எங்க நிக்கணும்னு சொல்லணும். இந்த வேலையில வர்ற பிழை பத்துல எட்டு இது தான், அதனால இத மட்டும் ரெண்டு தடவ வாசிங்க. கண்ணிய பின்னாம மாத்துறப்ப, பின்ற நூல் அந்த கண்ணிய தாண்டி குறுக்க போகும் இல்லையா, அந்த குறுக்கு நூல் எப்பவும் புக்மார்க்கோட பின்பக்கம் தான் கிடக்கணும். முன்பக்க வரி பின்னுறப்ப நூல் இயல்பாவே அங்குட்டு பக்கம் தான் இருக்கு, ஒண்ணும் செய்ய வேணாம். பின்பக்க வரியில தான் கவனம். நிட் பண்ணி முடிச்சதும் நூல் அங்குட்டு இருக்கும், அத ரெண்டு ஊசிக்கும் நடுவுல உங்க பக்கம் கொண்டு வாங்க, கண்ணிய மாத்துங்க, திரும்ப நூல அங்குட்டு கொண்டு போங்க, அப்புறம் அடுத்த நிட். கொண்டு வா, மாத்து, கொண்டு போன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே பின்னுங்க, பத்து வரிக்கு அப்புறம் கை தானா செய்யும். மறந்துட்டா முன்பக்கத்துல நீல புள்ளிக்கு மேல குறுக்கால மஞ்ச கோடு ஒண்ணு கிடக்கும். கொண்டு வந்த நூல திரும்ப கொண்டு போகாம அடுத்த நிட்ட போட்டாலும் பிரச்சினை, ஊசி மேல நூல் ஏறி ஒரு கண்ணி கூடிரும். வரி முடியிறப்ப 12 இருந்தா அது தான் காரணம்.

அந்த குறுக்கு நூல இழுத்து பிடிக்காதீங்க. ஒரு கண்ணி அகலத்துக்கு தான் அது போகுது, அதனால தளர்வா விட பயப்பட வேணாம், இழுத்தீங்கன்னா புக்மார்க் நடுவுல இடுப்பு பிடிச்ச மாதிரி சுருங்கிரும். கலர் மாத்துற ஓரத்துலயும் அதே கதை. நூல் ரெண்டும் வலது ஓரத்துல தான் தொங்கும், ஒவ்வொரு ரெண்டு வரிக்கும் புது நூல பழைய நூலுக்கு அடியால எடுங்க, ஒரு தடவ அடியால ஒரு தடவ மேலால எடுத்தா ஓரம் பல்லு பல்லா தெரியும். எடுத்து இறுக்கினா வலது ஓரம் மட்டும் குட்டையாகி முழுசும் தேயிலை வெட்டுற கவ்வாத்து கத்தி மாதிரி வளைஞ்சு வரும். மொத கண்ணிய பின்னிட்டு ஓரத்த விரலால லேசா கீழ இழுத்து விட்டுட்டு போங்க, சரியா வரும்.

பிழை வந்தா பிரிக்க தயங்காதீங்க. 11 கண்ணி தானே, நாலு வரி பிரிச்சு திரும்ப பின்ன பத்து நிமிசம். இந்த முறைய பழக புக்மார்க்க விட நல்ல இடம் இல்லைன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம், ஸ்வெட்டர் கையில இந்த பிழை வந்தா ஒரு நாள் வேல போயிரும். கோச்சியில போறப்ப கூட எடுத்துட்டு போகலாம், நான் நானுஓயாவுல ஏறி பதுளை போறதுக்குள்ள பாதிக்கு மேல பின்னிருவேன். ரெண்டு உருண்டையையும் ஒரே சொப்பிங் பேக்ல போடாம ஒவ்வொண்ணா போட்டு வைங்க. எந்த வரியில விட்டோம்னு தெரியலைன்னா கடைசியா பின்னின கலர பாருங்க, நூல் ரெண்டும் வலது கைப்பக்கம் இருந்தா அடுத்தது முன்பக்க வரி, அடுத்த கலர எடுத்துக்க வேண்டியது தான்.

நீளம் 16 சென்டிமீட்டர் வரைக்கும் போங்க. மாத்துற கண்ணிங்க வரிய கீழ அமுக்கி பிடிக்கிறதால நெனச்சத விட கூட வரி வேணும், எனக்கு அந்த நாலு வரி 24 தடவ கிட்ட வருது, உங்க கை இறுக்கத்துக்கு மாறும், அடிமட்டம் வச்சு பாருங்க. பாடப்புத்தகத்துக்கு இந்த அளவு சரி. அகலம் கூட வேணும்னா நாலு நாலா கூட்டி 15 கண்ணி ஏத்துங்க, ஓரத்து கணக்கு அப்படியே சரியா வரும்.

முடிக்கிறப்ப நாலாவது வரியில, நீலத்துல நிக்கணும். மஞ்சள ஒரு சாண் விட்டு வெட்டுங்க. நீலத்துலயே முன்பக்கம் ஒரு வரி முழுக்க நிட், திருப்பி பின்பக்கத்துல கண்ணி அடைங்க, தளர்வா. நூல் வால் நாலு இருக்கும், மழுங்கின முனை ஊசியில கோத்து நீலத்த நீல மேட்டுலயும் மஞ்சள மஞ்ச மேட்டுலயும் பின்பக்கமா நாலஞ்சு கண்ணி தூரம் ஓட்டி வெட்டிருங்க. முடிச்சு போட்டா புத்தக தாள்ல தழும்பு விழும்.

எல்லாம் நிட்டா பின்னினதால ஓரம் சுருளாது, அது தான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது. பின்பக்க வரிய பர்ல் பண்ணா முன்பக்கம் வழுவழுன்னு டிசைன் தெளிவா வரும், ஆனா ரெண்டு ஓரமும் உள்ளுக்கு சுருண்டுக்கும், புக்மார்க்குக்கு ஆகாது. கொஞ்சம் கோணலா இருந்தா தண்ணி தெளிச்சு கையால நேராக்கி ரெண்டு துவாய்க்கு நடுவுல வச்சு மேல கனமா ஏதாச்சும் வைங்க. மழை நாள்ல காய ரெண்டு நாள் ஆகும், அவசரப்பட்டு அடுப்பு மேல போடாதீங்க, அயன் பண்ணவும் வேணாம். கடையில விக்கிற ஊல் பெரும்பாலும் அக்ரிலிக், சூடு பட்டா துவண்டு போயி பழையபடி வராது. ஈரம் முழுசா போகாம புத்தகத்துக்குள்ள வச்சா பக்கம் நெளியும், சாயமும் ஒட்டும், பழைய ஸ்வெட்டர் நூல்னா வெள்ளை துணியில ஒரு தடவ தேய்ச்சு பார்த்துட்டு வைங்க.

குஞ்சம் வேணும்னா ஒரு பக்கம் மட்டும், ஆறு இழை போதும், மெலிசா. முடிச்சு புத்தகத்துக்கு வெளிய நிக்கிற மாதிரி ரெண்டு விரல் தூரம் தள்ளி கட்டுங்க, உள்ள மாட்டினா அந்த இடத்துல தாள் குழிஞ்சுரும்.