மத்தியப் பொதுப்பணித்துறை டெண்டர்: அனுபவத் தகுதி நமக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

பதிவு, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் கைவசம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. முதலில் மதிப்பீட்டுத் தொகையையும், ‘ஒத்த பணி’ என்று எதைச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கான்கிரீட் கட்டடம் என்று இருந்தால், நீங்கள் எழுப்பிய காம்பவுண்ட் சுவர் எத்தனை லட்சமானாலும் கணக்கில் வராது.

2. கடந்த 7 ஆண்டுகளில் முடித்த ஒத்த பணிகளில், மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் மூன்று, அல்லது 60 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று வேண்டும். வேறு நிறுவனங்களில் இரண்டு பணிக்கு 50 சதவீதமே போதும் என்று இருக்கலாம். ஒவ்வொரு டெண்டரையும் தனியாகப் படியுங்கள்.

3. பழைய பணியின் மதிப்பை, முடித்த தேதியிலிருந்து டெண்டரின் கடைசி தேதி வரை ஆண்டுக்கு 7 சதவீதம், தனிவட்டி போல, கூட்டிக்கொள்ளலாம். 3 ஆண்டுக்கு முன் முடித்த 34 லட்ச ரூபாய்ப் பணி இன்று 41.14 லட்சம். 1 கோடி டெண்டருக்கு 40 சதவீதம் 40 லட்சம்தான் என்பதால், வேண்டிய மூன்று பணிகளில் ஒன்றாக அது சேரும். பலர் இதைக் கவனிக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள்.

4. நான் தடுக்கி விழுந்த இடம் அனுபவச் சான்று. என் சான்றில் ஒப்பந்தத் தொகை மட்டும் இருந்தது. செய்து முடித்த பணியின் மதிப்பும் முடித்த தேதியும் இல்லை. தகுதி ஆவணங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உறையிலேயே நிராகரித்துவிட்டார்கள், விலை உறையைத் திறக்கவே இல்லை. இறுதி பில் வாங்கும் அன்றே இரண்டையும் எழுதி, செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போனபின் அலைவது பெரும்பாடு. தனியார் பணி என்றால் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) சான்றும் சேர்க்க வேண்டும்.

5. ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்றில் யுடிஐஎன் எண் (சான்று அசல்தானா என்று சரிபார்க்க உதவும் தனி எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கை எக்செலில் போடுங்கள். தாளில் போட்டால் கடைசி தேதியைத் தள்ளிவைக்கும்போது எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பிற்சேர்க்கை: ஏலத் திறன், அதாவது கையில் உள்ள வேலை போக இன்னும் எவ்வளவு மதிப்புக்கு வேலை எடுக்க முடியும் என்ற கணக்கு, பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். சூத்திரம் A×N×1.5−B (பெருக்கும் எண் டெண்டருக்கு டெண்டர் மாறும்). A என்பது கடந்த 5 ஆண்டுகளில் அதிகபட்ச ஆண்டுக் கட்டுமான விற்றுமுதல், N டெண்டர் பணியை முடிக்கத் தரும் காலம் (ஆண்டுகளில்), B கையில் உள்ள பணிகளில் அந்தக் காலத்தில் முடிக்க வேண்டிய மிச்சம். இருவருமே B-யில் முழு ஒப்பந்தத் தொகையைப் போட்டிருந்தார்கள். A 80 லட்சம், N 1 ஆண்டு என்றால் 120 லட்சம். 50 லட்ச ஒப்பந்தத்தில் 35 லட்சத்துக்கு வேலை முடிந்திருந்தால் கழிக்க வேண்டியது 15தான். அப்போது 105 லட்சம் வரும், 1 கோடி டெண்டருக்குப் போதும்.