ஆறாத மனதோடு ஆண்டவரிடம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துக்கத்தோடு ஆலயத்துக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ஓர் அறிவுரை: “அழாதீங்க, ஸ்தோத்திரம் பண்ணுங்க.” சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மனக்காயத்தோடு விசுவாசத்தில் வழி தேடுகிற பலர் தடுமாறத் தொடங்குவது இந்த இடத்தில்தான். காயத்தை ஆண்டவருக்குக் காட்டுவதற்கு முன்பே கட்டுப்போட்டு மூடிவிடுகிறார்கள். கீழே வருகிற தவறுகளில் பலவற்றுக்கும் வேர் இந்த அவசரம்தான்.

அழுகையைத் தாண்டிக் குதிப்பது

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஞாயிறு ஆராதனையில் நாம் பாடுவது பெரும்பாலும் மீதியைத்தான். அதனால் “ஏன்?” என்று கேட்பதே அவிசுவாசம் என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் புகுந்துவிட்டது. லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. 88ஆம் சங்கீதமோ கடைசிச் சொல்வரை இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை.

தொடங்குவதற்கு ஏற்றது 13ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதல் இரண்டு முறையீடு. “எதுவரைக்கும்” என்ற கேள்வி அங்கே நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். முதல் பகுதியில் உங்கள் “எதுவரைக்கும்” என்னவென்று ஆட்களின் பெயர், தேதி, பணக்கணக்கு உட்பட உள்ளபடி எழுதுங்கள். இரண்டாவதில் என்ன வேண்டும் என்று ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். மூன்றாவது பகுதிக்கு இன்றைக்கு எதுவும் வரவில்லையா? காலியாக விடுங்கள். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையே தாவீதுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று வேதம் சொல்லவில்லை. முதல் நாளே ஐந்தாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்து, உள்ளே எதுவும் அசையாததால் “எனக்கு விசுவாசமே இல்லை” என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. சங்கீதக்காரன் நடந்து வந்த தூரத்தை அவர்கள் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. புலம்பல் என்று தொடங்கியது, நடந்ததையே மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதாக மாறிவிடலாம். எழுதியதை வாசித்துப் பாருங்கள். பக்கம் முழுக்க “நான்”, “அவன்”, “அவள்” மட்டும் இருந்து, “நீர்” என்ற சொல் எங்குமே இல்லையென்றால் அது இன்னும் ஜெபமாகவில்லை. அதே வரிகளை “நீர்” என்று ஆண்டவரைப் பார்த்து மாற்றி எழுதுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். காலையிலோ மாலை விளக்கேற்றும் நேரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வசனத்தைச் சீட்டுப்போல எடுப்பது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் உண்டு. ஒரு வசனத்தை ஆண்டு முழுவதும் மனதில் வைத்துக்கொள்வது நல்லதுதான். அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று பாராமல் அதையே நமக்கான தேதிச்சீட்டாக எடுத்துக்கொள்ளும்போது தவறு தொடங்குகிறது.

அட்டைகளில் அதிகம் காணப்படும் எரேமியா 29:11ஐயே பார்ப்போம். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்பது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், அந்நிய மண்ணிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஜனங்களுக்கு இனிப்பாகச் சொல்கிறான். அவன் சொன்னது பொய். ஆகவே 29:11ஐக் கையில் பிடித்துக்கொண்டு “இந்த மாதமே வேலை கிடைத்துவிடும்” என்று எதிர்பார்க்கிறவர், எரேமியாவின் வசனத்தை அனனியாவின் குரலில் கேட்கிறார். அந்த மாதம் முடிந்து வேலை வராதபோது உடைவது அவருடைய சொந்தக் கணக்கு. பழியோ ஆண்டவர்மேல் விழுகிறது.

ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தினார் வேதத்தைத் திறந்து கண்ணில் பட்டதை வாசித்துத்தானே மனம் திரும்பினார் என்று கேட்பார்கள். உண்மை; கி.பி. 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அவர் வாசித்தது ரோமர் 13ஆம் அதிகாரம். ஆனால் அதற்கு முன் மிலான் ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களை நெடுங்காலம் கேட்டவர், பவுலின் நிருபங்களைத் தொடர்ந்து படித்துவந்தவர் அவர். அன்று திறந்தது, ஏற்கெனவே கையில் இருந்த அந்தப் புத்தகத்தைத்தான்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கலாம். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று, 16 நாள். ஒரு வசனம் மனதைத் தொட்டால் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்து, யார் யாரிடம் சொன்னார், ஏன் சொன்னார் என்று பார்த்துவிட்டுப் பிறகு பற்றிக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் என்று எண்ணுவது

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய தவறு இது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறான். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய அதே ஆள்தான்; விசுவாசம் இல்லாதவன் என்று அவனை யாரும் சொல்லமுடியாது. ஆண்டவர் அவனுக்குச் செய்த முதல் காரியம் என்ன? தூங்கவிட்டார். ஒரு தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடச் சொன்னார். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்ற அந்தத் தூதனின் வார்த்தையில் கடிந்துகொள்ளுதல் துளிகூட இல்லை. கேள்வியும் மெல்லிய சத்தமும் புதிய ஊழியமும் வந்தது, 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. உடலுக்கு வேண்டியது முதலில் வந்தது.

எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு, ஜெபம் கேட்கப்பட்ட பின்பும், அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னான் ஏசாயா. பவுலோடு கடைசிவரை நின்ற லூக்கா வைத்தியன். தமிழ்நாட்டில் மிஷனரிகள் ஜெபவீட்டோடு நிற்காமல் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய பணி பிற்பாடு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே நிறுவனம் பாகாயத்தில் மனநலத்துக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. வீட்டார் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்குவது அங்கே வழக்கம். மாத்திரையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகை என்றால், இவர்களெல்லாம் எந்த விசுவாசத்தில் இதைச் செய்தார்கள்?

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலன் தெரியாமல், மூன்றாம் வாரம் ஒரு கூட்டத்துக்குப் போய், அங்கே மனம் இலேசானதும் “சுகமாகிவிட்டேன்” என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. மருந்து பலன் தரத் தொடங்கியதும் அதே வாரத்தில் இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரலாம். அதைப் “பிசாசின் போராட்டம்” என்று எடுத்துக்கொண்டு உபவாசத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். மனச்சிதைவு, இருதுருவ மனநோய்க்கான மருந்துகளை நிறுத்துவதோ அதைவிட ஆபத்து. நோய் முழு வேகத்தில் திரும்பிவரலாம். சுகம் கிடைத்தது என்று உண்மையாகவே நம்பினால், அதை மருத்துவரிடமே போய்ச் சொல்லி, அவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள். குணமான குஷ்டரோகியை இயேசுவே ஆசாரியனிடம் காட்டிவா என்றுதான் அனுப்பினார்.

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணிநேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. ஜெபவீடு என்ற பெயரில் நோயாளியைச் சங்கிலியால் கட்டிவைத்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது குற்றம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசமிருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழ நேரலாம். அப்படிப்பட்டவர்கள் கைப்பேசியையோ மாமிசத்தையோ விட்டு உபவாசிக்கலாம்.

மன்னிப்பையும் ஒப்புரவையும் ஒன்றாக்குவது

“மன்னித்துவிட்டாயா? அப்படியானால் வீட்டுக்குத் திரும்பிப் போ.” அடிவாங்கிய மனைவிக்கு இப்படிச் சொல்லப்படுவதுபோல மன்னிப்பு என்ற அருமையான சொல்லைக் காயப்படுத்துவது வேறில்லை. பழிவாங்கும் உரிமையை ஆண்டவர் கையில் விட்டுவிடுவது மன்னிப்பு; அதைத் தனியாகவே செய்யலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், தவறு செய்தவர் மாறியிருக்கவும் வேண்டும். யோசேப்பு சகோதரர்களைக் கண்ட அன்றே கட்டிப்பிடிக்கவில்லை. மூன்று நாள் காவலில் வைத்தான், சிமியோனைப் பிடித்துவைத்தான். பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று யூதா முன்வந்ததைக் கேட்ட பிறகே வாய்விட்டு அழுது, தான் யார் என்று சொன்னான். பவுலும் “கூடுமானால்” என்று ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் ரோமர் 12:18ஐ எழுதினார்.

கைநீட்டுகிற கணவனை மன்னித்துக்கொண்டே தாய்வீட்டில் இருக்கலாம். இந்தியாவில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் உதவி கேட்கலாம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்தவர் எல்லாருடைய கடமை. “சபைக்குள்ளேயே ஜெபத்தில் முடித்துக்கொள்வோம்” என்பது மன்னிப்பில் சேராது.

யாரிடம் மனதைத் திறப்பது

கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொல்லும் பாவத்தைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது. திருச்சபைச் சட்டம் 983 அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் பாவம் சொல்வதும் மனக்காயத்தை ஆற அமரப் பேசுவதும் வேறு வேறு. திருவிழாக் காலத்தில் பின்னால் வரிசை நிற்கும்போது மூன்று நிமிடத்தில் பத்து வருஷத் துயரத்தைக் கொட்டமுடியாது. தனியாக நேரம் கேளுங்கள். மற்ற சபைகளில் போதகரிடமோ மூப்பரிடமோ சொல்வதற்கு முன், “இது உங்களோடு நிற்குமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ஜெபக்குறிப்பாக வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் அதை யாராலும் திரும்ப அள்ளமுடியாது. ஆறாத காயத்தை மேடையில் சாட்சியாகச் சொல்ல அவசரப்படுத்துகிறவர்களுக்கு “இன்னும் நேரம் வரவில்லை” என்று சொல்லுங்கள், அது போதும்.

விலகவேண்டிய அடையாளங்கள் தெளிவானவை. பேசி ஐந்து நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுவார். காணிக்கையைச் சுகத்தோடு முடிச்சுப்போடுவார். மற்ற யாரையும் பார்க்காதே என்பார். பூட்டிய அறையில் தனியே ஜெபிக்கவேண்டும் என்பார். “கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று உங்கள் திருமணத்தையோ சொத்தையோ தீர்மானிப்பார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு பேசினதற்காகத்தான் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டார்.

வறண்ட நாளில் முடிவெடுப்பது

1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக்குண்டு பட்டுக் கால் நொறுங்கிய, பிற்பாடு இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தங்கியபோது, சொன்ன பாவங்களையே மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி நிம்மதி இழந்தார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் அவருக்கு வந்தது. ஒரு வாரம் எதுவும் உண்ணாமல் இருந்தார். உபவாசத்தை விடும்படி கட்டளையிட்டவர் அவருடைய குருவே. மன்னிக்கப்பட்ட பாவத்தை இனிச் சொல்வதில்லை என்று தீர்மானித்த பிறகே அந்தச் சுமை இறங்கியது. ஒரே பாவத்தைப் பத்தாவது முறை அறிக்கையிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அருவருப்பான எண்ணங்கள் வேண்டாம் வேண்டாமென்றாலும் வந்துகொண்டேயிருந்தால் அது எண்ணச்சுழல் நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இஞ்ஞாசியார் பின்னாளில் எழுதிவைத்த விதிகளில் ஒன்று எல்லாச் சபையாருக்கும் பயன்படும்: மனம் வறண்டு, ஆண்டவர் தூரமாய்த் தோன்றுகிற காலத்தில், நல்ல நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வேலையை விடுவது, சபையை மாற்றுவது, நிச்சயித்த திருமணத்தை முறிப்பது, ஊழியத்துக்குப் போகிறேன் என்று கிளம்புவது எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். ஆபத்திலிருந்து விலகுவது மட்டும் இதில் சேராது. அதை அன்றே செய்யவேண்டும்.

ஒரு சொல்கூட ஜெபிக்க வராத நாளும் வரும். அப்போது உங்களை நீங்களே வற்புறுத்தாதீர்கள். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது “அவர்கள் விசுவாசத்தை” என்று எழுதியிருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டு, “இந்த வாரம் தினமும் இரவு எட்டு மணிக்கு எனக்காக 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். போனிலேயே வாசிக்கலாம். ஆறு வசனத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.