ஸ்ட்ரேஞ்சர்ஸ் ராத்: உயிரோடு பிடிக்கும் முறை

2005-ல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு வந்த வீடியோ ஆட்டம். பணத்துக்காகக் குற்றவாளிகளைப் பிடிப்பவன்தான் நாயகன். வில்லில் தோட்டாவுக்குப் பதில் உயிருள்ள பூச்சிகளும் பிராணிகளும்தான். குற்றவாளியை உயிரோடு பிடித்தால் கொன்றதைவிடக் கூடுதல் பணம். அதனால் கொல்லும் பழக்கத்தை முதலிலேயே விடுங்கள்.

வில்லில் இரண்டு இடம். ஒன்றில் சிப்பங்க் என்ற வாயாடிப் பிராணி, மற்றதில் போலமைட் என்ற சிலந்தி. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, மறைவான மூலையில் சிப்பங்கை எய்யுங்கள். அது வாய் ஓயாமல் வம்பிழுக்கும், ஒருவன் எரிச்சலோடு தேடி வருவான். அவன்மேல் போலமைட்டை எய்யுங்கள், நூலால் சுற்றிக் கட்டிவிடும். உடனே ஓடிப்போய் பிடிக்கும் பொத்தானை விடாமல் அழுத்துங்கள். உயிரோடு இழுக்க நேரம் பிடிக்கும். பலர் தோற்பது இங்கேதான்: பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் அடி விழும், பிடி அறுந்துபோகும், கட்டும் அவிழ்ந்துவிடும்.

ஜாப்ஃப்ளை என்ற மின்சாரப் பூச்சி தீரவே தீராது. பொறுத்து மின்னேற்றி அடித்தால் ஆளே அதிர்ந்து நிற்பான். காட்டுப் பிராணிகளையும் இதிலேயே மயக்கிச் சேர்க்கலாம்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போகும். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் சேவ் செய்துவிடுங்கள்.